கடைசி அ வகை நிலம்

செம்மேடு கல்லாகிவிட்டது என்று பரிமாறி சொன்னபோது தில்லைநாயகி சிரித்துவிட்டாள். சிரிக்காமல் என்ன செய்வது? கடல் வற்றிவிட்டது என்று காலையில் ஒருவன் வந்து சொன்னால் அவனோடு உட்கார்ந்து வாதாடவா முடியும்? காபியைக் கீழே வைத்துவிட்டு, இன்னொரு முறை பார்க்கச் சொன்னாள்.

உதவியாளன் அன்வர்தீன் திரையில் பார்த்தான். அதேதான் வந்தது. போன மழைக்காலம் முடியும்வரை பச்சையாக இருந்த செம்மேடு, இந்த வருஷத்தின் முதல் பெருமழை விழுந்த ஒரு மணி நேரத்துக்குள் தெருத் தெருவாகச் சிவந்துகொண்டு வந்தது.

பரிமாறி என்பது ஓர் இயந்திரம். அரசாங்கம் அதற்கு வைத்த பெயர் ஒரு மூச்சில் சொல்ல முடியாத நீளம். ஜனங்கள் வைத்த பெயர்தான் நின்றது. தாழம்பேட்டை நகரம் ஒரு சட்டி. ஐப்பசி வந்தால் சட்டி நிறையும், படகு வரும், சோற்றுப் பொட்டலம் வரும், கடைசியில் மந்திரியும் வருவார். இந்தக் கூத்துக்கு முடிவு கட்டத்தான் பரிமாறியைக் கொண்டுவந்தார்கள். மாவட்டம் முழுவதும் ஆளில்லா விமானங்கள் பறந்து மண்ணுக்குள் ஊசிகளை இறக்கின. மழை பெய்கிறபோதெல்லாம் ஒவ்வொரு ஊசியும் தன்னைச் சுற்றியுள்ள மண் எவ்வளவு வேகமாகத் தண்ணீர் குடிக்கிறது என்று சொல்லும். அதை வைத்து நிலத்துக்கு அ, ஆ, இ, ஈ என்று ஓர் எழுத்து. நகரத்தில் தேங்குகிற தண்ணீரை ராட்சத மோட்டார்கள் உறிஞ்சி, அ எழுத்து இருக்கும் இடத்துக்குக் குழாய் வழியாக அனுப்பிவிடும்.

அன்வர்தீன் கணினி படித்துவிட்டு வந்தவன். மண் கையில் பட்டால் சோப்பைத் தேடுகிற ஜாதி. எழுத்து தெரியும், எழுத்துக்குப் பின்னால் இருக்கிற மண் தெரியாது. ஒரு ஊர் எப்படி ஒரே வருஷத்தில் அ-விலிருந்து ஈ-க்கு மாறும் என்று கேட்டான்.

"மாறாது. கல்யாணப் பந்திய நெனச்சுக்க. அ வகைன்னா, போடப்போடச் சாப்பிட்டுக்கிட்டே இருக்கிற ஆளு. மணல் மண்ணு. ஆ கொஞ்சம் கூச்சப்படுவான். இ ரெண்டு கரண்டிக்கு மேல வேணாம்பான். ஈ இருக்கானே, உக்காரும்போதே இலைய மூடிட்டு உக்காருவான். களிமண்ணு. ஊத்துனது பூரா வெளியதான் ஓடும்."

"அப்ப செம்மேடு?"

"எங்க ஊரு முதல் பந்திடா. முந்திரித் தோப்பு, செம்மணல். அடைமழையில நனைஞ்சுட்டு ஓடி வந்தாக்கூடக் கால்ல சேறு ஒட்டாது. ஊசி துருப்பிடிச்சிருக்கும். வேற ஒண்ணும் இல்ல."

சொல்லிவிட்டாளே தவிர, அவளுக்கே அதில் நம்பிக்கை இல்லை. ஊர் முழுக்க ஊசிகள் ஒரே நாளில் துருப்பிடிக்குமா? மத்தியானத்துக்குள் நகரத்து ஏரி ததும்பும். அப்போது பரிமாறி தண்ணீரை எங்கே அனுப்பும்? பரிமாறியின் சட்டத்தில் மனிதனுக்கு வேலையே கிடையாது. முன்பெல்லாம் மதகைத் திறக்கிற அதிகாரம் ஆள்கையில் இருந்தது. செல்வாக்குள்ளவர் தெருவுக்கு ஒரு நியாயம், மீன்காரத் தெருவுக்கு ஒரு நியாயம் என்று நடந்தது. அதனால் பொத்தான், சாவி, கையெழுத்து எல்லாவற்றையும் பிடுங்கி எறிந்தார்கள். மண் சொல்லும், இயந்திரம் கேட்கும், நடுவில் எவனும் வரக்கூடாது. அந்தச் சட்டம் வந்தபோது மேடையேறிப் பாராட்டிப் பேசியவர்களில் மண் வகைப்பாட்டு அலுவலர் தில்லைநாயகியும் ஒருத்தி.

வீட்டுக்குப் போன் செய்தாள். பள்ளிக்கு விடுமுறை விட்டிருந்ததால் மகள் யாழி வீட்டில் தனியாக இருந்தாள். கணவர் கப்பலில் வேலை பார்க்கிறவர். வருஷத்தில் பாதி நாள் கடல்தான் வீடு. மீன்காரத் தெருவில் கீழ்த்தளம் அவர்களுடையது, மாடியில் வீட்டுக்காரர். வாசல்வரை தண்ணீர் வந்துவிட்டது என்று யாழி சந்தோஷமாகச் சொன்னாள். அந்த வயதுக்கு வெள்ளம் ஒரு வேடிக்கை. தில்லைநாயகிக்கு அது வேடிக்கையாக இல்லை. ஜீப்பை எடுக்கச் சொன்னாள்.

செம்மேடு அவள் பிறந்த ஊர். அண்ணன் கலியமூர்த்தி அங்கேதான் இருந்தார். அவருடைய ஒரே மகள் கயல்விழி முந்தைய வருஷத்து மழையில் காமாலை வந்து இறந்துபோனாள். ஆறு வயது, "அத்தே" என்று கூப்பிட்டுக்கொண்டு முந்தானையைப் பிடித்துத் திரிந்த குழந்தை. சாவுக்கு வந்த தில்லைநாயகி, அடுத்த புயல் சின்னம் உருவாகிவிட்டதென்று அன்றைக்கே திரும்பிவிட்டாள். அண்ணன் அப்போது "போயிட்டு வா" என்று சொன்னதோடு சரி. அதற்குப் பிறகு பேச்சு இல்லை. பொங்கல் சீர் மட்டும் வந்தது. கரும்பையும் மஞ்சள் கொத்தையும் புதுச்சேலையையும் யாரோ ஒரு வேன்காரன் வாசலில் வைத்துவிட்டுப் போனான். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை என்று அன்று அவள் அழுதாள்.

மேட்டுச் சாலையில் ஏறியதும் டிரைவர் பிரேக் போட்டார். எதிரே சாலை நெடுகத் தண்ணீர் நின்றது.

தில்லைநாயகி இறங்கிப் பார்த்தபடியே நின்றாள். செம்மேட்டில் தண்ணீர் நின்று அவள் பார்த்ததில்லை. அவள் மட்டுமா, ஊரில் எவருமே பார்த்ததில்லை. அந்த ஊர்ப் பிள்ளைகளுக்குக் காகிதக் கப்பல் செய்யத் தெரியாது, எங்கே விடுவது? இப்போது முந்திரி மரத்தடியெல்லாம் தண்ணீர் பளபளத்தது. ஒரு கோழி குட்டையோரம் வந்து, குனிந்து குடித்துவிட்டு, அதற்கும் ஆச்சரியம்தானோ என்னவோ, தலையைத் தூக்கிச் சுற்றுமுற்றும் பார்த்தது.

ஜீப்பிலிருந்து இரும்பு வளையத்தை எடுத்து வந்து, மேடான ஓர் இடத்தில் சுத்தியால் அடித்து இறக்கினாள். இறங்க மறுத்தது. கை மரத்துப் போகும்வரை அடித்து, உள்ளே ஒரு செம்பு தண்ணீர் ஊற்றினாள். இந்த மண்ணில் ஊற்றினால் ஊற்றிய கை நிமிர்வதற்குள் காணாமல் போயிருக்க வேண்டும். தண்ணீர் அப்படியே இருந்தது. அதில் அவள் முகம்கூடத் தெரிந்தது.

கத்தியை எடுத்துக் கீறிப் பார்த்தாள். மேலே ஒரு சாண் கனத்துக்குச் சாம்பல் நிறக் களிமண், அதில் வைக்கோல் துணுக்கு, சாணி வாசம். அதற்குக் கீழே அவளுடைய பழைய செம்மணல், ஒரு சொட்டு ஈரமில்லாமல்.

அவளுக்குப் புரிந்துவிட்டது. விவசாயி மகளுக்கு இது புரியாதா? அறுப்புக்கு முன்னால் நெல்லடிக்கக் களம் போடுவார்கள். வண்டல் களியைக் கொட்டி, சாணியும் வைக்கோலும் சேர்த்து மிதித்து, திமிசுக் கட்டையால் இடித்து இடித்து இறுக்குவார்கள். காய்ந்த பிறகு ஒரு நெல்மணி உள்ளே போகாது, ஒரு துளி தண்ணீர் உள்ளே இறங்காது. இவர்கள் ஊரையே களமாக்கி வைத்திருக்கிறார்கள். தோப்பு, கொல்லை, தெரு, கோயில் வாசல், ஒன்று விடவில்லை. மண்ணைப் பொன்னாகக் கும்பிட்ட ஜனங்கள் தங்கள் மண்ணின் வாயைத் தாங்களே அடைத்திருக்கிறார்கள்.

"வளையத்தை எடுத்துடு தில்ல. மாடு இடறிக்கும்" என்று பின்னாலிருந்து குரல் வந்தது.

கலியமூர்த்தி குடை இல்லாமல் நின்றுகொண்டிருந்தார். தாடி நரைத்திருந்தது. ஒரு வருஷத்தில் ஒரு மனிதருக்கு இத்தனை வயதாகிவிட முடியுமா என்று அவளுக்கு மனசு ஒரு கணம் இளகியது. மறு கணமே கோபம் வந்தது.

"என்னாண்ணா பண்ணி வச்சிருக்கீங்க?"

"பாத்தாத் தெரியல? இலைய மூடிட்டோம்."

அவள் எந்த மேடைக்குப் போனாலும் சொல்கிற பந்தி உதாரணம் அது. அவர் எந்தக் கூட்டத்தில் நின்று கேட்டாரோ. சித்திரையில் தொடங்கி ஊரே சேர்ந்து செய்ததாக அவர் சொன்னார். ஏரியில் தூர் வாரிய களியை டிப்பரில் கொண்டுவந்தார்கள். ஆண், பெண் பாகுபாடில்லாமல் மிதித்தார்கள். முந்திரி மரங்களுக்கு மூச்சு முட்டும், இரண்டு வருஷத்தில் பட்டுவிடும் என்று அவர்களுக்குத் தெரியும். போனால் போகட்டும் என்றுதான் செய்தார்கள்.

"கீழ ரெண்டு லட்சம் சனம் இருக்குது. என் மவ இருக்கா. அந்தத் தண்ணி இனிமே எங்க போவும்னு ஒரு நிமிஷம் யோசிச்சீங்களா?"

"அந்தத் தண்ணின்னு சொன்ன பாத்தியா, அதுல என்னா இருக்குதுன்னு நீ ஒரு நிமிஷம் யோசிச்சியா?"

அவர் குரலை உயர்த்தவே இல்லை. நகரத்தில் தேங்குவது மழைத்தண்ணீர் மட்டுமா? சாக்கடை, ஆஸ்பத்திரிக் கழிவு, மீன் சந்தைக் கழிவு எல்லாம் கலந்து, குழாயேறி இங்கே வந்து கொட்டும். மண் குடிக்கும். மண் குடித்தது ஊர்க் கிணற்றுக்கு வரும். மழை முடிந்த கையோடு ஊரில் பேதியும் காமாலையும் வரும். மனுக் கொடுத்தபோதெல்லாம் ஆள் வந்து கிணற்றுத் தண்ணீரைப் பாட்டிலில் எடுத்துப்போனார்கள். பங்குனியில் எடுத்தார்கள், அப்போது தண்ணீர் சுத்தமாகத்தான் இருந்தது. இதெல்லாம் தில்லைநாயகிக்குப் புதிதில்லை. அந்த ஆய்வு முடிவை நம்பியவர்களில் அவளும் உண்டு. கயல் இறந்தபோதுகூட, எங்கோ கடைப் பண்டம் தின்றிருக்கும் என்றுதான் மனசைச் சமாதானப்படுத்திக்கொண்டாள்.

போன் அடித்தது. அன்வர்தீன்தான். குரலில் அப்படியொரு நிம்மதி.

"அக்கா, கண்டுபிடிச்சிடுச்சு. உங்க ஊர்ல ஒரே ஒரு எடம் இன்னும் அ-வுல இருக்கு. கெழக்குச் சரிவுப் புறம்போக்கு. ஏரித் தண்ணி முழுக்க அந்த ஒரு வாயிலயே விடப்போவுது. இன்னும் கொஞ்ச நேரத்துல மோட்டார் ஓடும். தப்பிச்சோம்கா."

அவளுக்கு உயிர் வந்தது. கிழக்குச் சரிவா! அந்த நிலத்தை அவளுக்கு நன்றாகத் தெரியும். நேரில் பார்த்ததில்லை, திரையில் தெரியும். ஊரெல்லாம் பச்சையாக இருந்தபோதும் அந்தச் சரிவு மட்டும் கொஞ்சம் இறுகிய ஆ வகைதான்; சில வருஷங்களுக்கு முன்னால் அங்கே கைக்குட்டை அளவுக்கு ஒரு பச்சை தோன்றியது. அதன் பிறகு ஒவ்வொரு மழைக்காலம் முடிந்ததும் பார்த்தால் இன்னும் கொஞ்சம் பரவியிருக்கும். சுற்றிலும் இருப்பதைவிட வேகமாக, ஆசையாகத் தண்ணீர் குடிக்கிற மண். மண் தானாகவே தேறி வருகிறது என்று மேலதிகாரிகளிடம் அவள்தான் பெருமையோடு எடுத்துச் சொன்னாள். அவள் சொல்லித்தான் போன கோடையில் அந்தச் சரிவின் தலையில் புதிதாக ஒரு குழாய் வாயும் கட்டினார்கள். இன்றுவரை அதற்கு வேலை வரவில்லை. நல்ல வேளை, அதையாவது இவர்கள் விட்டுவைத்தார்களே என்று நினைத்தாள். வாய்விட்டுச் சொல்லவும் செய்தாள்.

"கெழக்குச் சரிவ மட்டும் விட்டு வச்சிருக்கீங்க. அதுக்குப் புண்ணியமாப் போவட்டும். அங்க தண்ணி விடப்போறாங்க."

கலியமூர்த்தி அவளையே பார்த்தார். அந்தப் பார்வையை அவளால் தாங்க முடியவில்லை. பக்கத்திலிருந்த வீட்டுக்குள்ளிருந்து அண்ணி பூங்காவனம் வெளியே வந்தாள். பேச்சைக் கேட்டிருக்க வேண்டும். நாத்தனாரை வாவென்றுகூடச் சொல்லவில்லை. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, மழையில் கிழக்கே பார்த்து ஓடத் தொடங்கினாள்.

"என்னாண்ணா?"

"ஊரே ஈ ஆயிட்டா மெஷினு ஊரையே விட்டுடும்னு நெனச்சோம். துண்டு துண்டாப் பாக்கும்னு தெரியாமப் போச்சு." அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "அந்த எடத்துல திமிசு போட எவனுக்கு, தில்ல, கை வரும்?"

அப்போதும் அவளுக்கு விளங்கவில்லை. அவர் நடக்க, அவள் பின்னால் நடந்தாள். ஊர் எல்லையைத் தாண்டும்போது அவர் நின்று, பொம்பளைங்க வரக்கூடாத இடம் அது என்று சொல்ல வாயெடுத்து, முன்னால் ஓடுகிற மனைவியைப் பார்த்துவிட்டு, சொல்லாமலே நடந்தார்.

அந்த ஊரில் பெரியவர்கள் செத்தால் எரிப்பார்கள். சுடுகாடு ஆற்றோரம் இருக்கிறது. குழந்தை செத்தால் எரிப்பதில்லை. பிஞ்சு உடம்பை நெருப்பில் வைக்க மனம் வராது, புதைப்பார்கள். அவள் சிறுமியாக இருந்த காலத்தில் அதற்கென்று ஊருக்கு மேற்கே ஒரு மூலை இருந்தது. பரிமாறி வந்தபோது முதல் குழாய் வாயை அங்கேதான் வைத்தார்கள். அதனால் ஊர்க்காரர்கள் பேசாமல் கிழக்குச் சரிவுக்கு மாறிக்கொண்டார்கள். பதிவில் அது இன்றும் வெறும் தரிசுதான். பெண்கள் பிள்ளையை வாசல்வரைதான் அனுப்புவார்கள் என்பதால், கயலைத் தூக்கிப் போன அன்று தில்லைநாயகியும் வாசலிலேயே நின்றுவிட்டாள். எங்கே கொண்டுபோனார்கள் என்று அவள் கேட்கவில்லை.

சரிவின் விளிம்பில் வந்து நின்றாள்.

சின்னச் சின்ன மண்மேடுகள். ஒவ்வொன்றும் ஒரு முழம், ஒன்றரை முழம். தலைமாட்டில் ஒரு செங்கல், சிலவற்றில் நொச்சிக் கிளை, பால் டப்பா, ஒரு பிளாஸ்டிக் கிலுகிலுப்பை. கீழே பள்ளம்வரை வரிசை வரிசையாகப் போயின. தோண்டி மூடிய மண், இறுகாத மண். மழை விழுந்த இடம் தெரியாமல் உறிஞ்சிக்கொண்டிருந்தது. பாதத்துக்குக் கீழே அது மெத்தென்று அமிழ்ந்தபோது, அவள் சூடுபட்டதுபோல் காலை எடுத்துக்கொண்டாள்.

பச்சை வளர்ந்ததற்குக் காரணம் இதுதான். இதைத்தான் மண் தேறுகிறது என்று அவள் ஊருக்கெல்லாம் சொன்னாள். வருஷா வருஷம் திரையில் அந்தப் பச்சையைத் தொட்டுக் காட்டி, சிரித்துக்கொண்டு சொன்னாள்.

"இத்தினியாண்ணா?" என்று மட்டும் கேட்டாள்.

"ஒவ்வொரு மழைக்கும் கொஞ்சம். நம்ம ஊரு மட்டும் இல்ல, பக்கத்துக் குடிசைங்களும் இங்கதான்."

சரிவின் தலையில் புதிய குழாய் வாய் ஓர் ஆள் உயரத்துக்குத் திறந்திருந்தது; அதைக் கட்டியவர்கள் இந்த மேடுகளைப் பார்த்தும் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. ஏரித் தண்ணீர் முழுவதும் அதன் வழியாக இறங்கினால் இந்த மண்மேடுகளில் ஒன்றும் மிஞ்சாது. மண்ணுக்குள் இருப்பதும் மிஞ்சாது. கயல் இருக்கிற இடமும் மிஞ்சாது. தில்லைநாயகி போனை எடுத்து அன்வர்தீனிடம் நிறுத்தச் சொன்னாள். எதை அக்கா நிறுத்துவது, பொத்தானே இல்லையே என்றான் அவன். உண்மைதான். இந்த இயந்திரம் மண்ணின் பேச்சைத் தவிர யார் பேச்சையும் கேட்காது. அதை அப்படித்தான் கட்டினார்கள், அவள்தான் கைதட்டினாள்.

பூங்காவனம் அதற்குள் வேலையைத் தொடங்கியிருந்தாள். சரிவின் ஓரத்தில், கோடையில் மிஞ்சிய களிக்குவியல் ஒன்று மழையில் ஊறிக் கிடந்தது. அதைக் கையால் அள்ளி அள்ளி முந்தானையில் கட்டி இழுத்துவந்து மண்மேடுகளின் மேல் கொட்டினாள். ஒரு மேட்டின் மேல் கொட்டி, குனிந்து தடவி, பிறகு நிமிர்ந்து, கண்ணை மூடிக்கொண்டு அதன் மேல் காலை வைத்தாள். களம் மிதிக்கிற மிதி. குதிகாலால் அழுத்தி, பெருவிரலால் இழுத்து. அது கயலுடைய மேடு என்பதை யாரும் தில்லைநாயகிக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

ஊரிலிருந்து பெண்கள் வரத் தொடங்கினார்கள். வரக்கூடாத இடத்துக்கு ஒருவர் பின் ஒருவராக வந்தார்கள். ஆண்கள் களியைக் கூடையில் அள்ளிக் கொடுத்தார்கள்; ஒருவராலும் கால் வைக்க முடியவில்லை. பெண்கள்தான் மிதித்தார்கள். அவரவர் பிள்ளையை அவரவர் மிதித்தார்கள். ஒருத்தி மிதித்துக்கொண்டே பேர் சொல்லிக் கூப்பிட்டாள்.

தில்லைநாயகிக்கு மகள் நினைவு வந்தது. இங்கே மண் மூடினால் மற்ற ஊர்கள் ஏரியைத் தாங்காது, அது மீன்காரத் தெருவுக்குள் நுழையும். யாழியின் வாசல்வரை வந்து நிற்கிற தண்ணீர் உள்ளே ஏறும். ஓடிப்போய் அண்ணியின் கையைப் பிடித்துக்கொண்டாள். "வேணாம் அண்ணி. என் பொண்ணு கீழ தனியா இருக்கா அண்ணி. உசுரோட இருக்கறவள நெனச்சுப் பாருங்க."

பூங்காவனம் மிதிப்பதை நிறுத்தவில்லை. திரும்பி நாத்தனாரைப் பார்த்தாள். கண்ணில் கோபம் இருந்திருந்தால் தில்லைநாயகி பிழைத்திருப்பாள்.

"உன் மவளுக்கு மாடி இருக்குது, தில்ல. ஏறிக்குவா. என் மவளுக்கு எங்க இருக்குது மாடி?"

தில்லைநாயகி யாழிக்குப் போன் போட்டு, ஒரு வார்த்தை பேசாமல் மாடிக்குப் போ, வீட்டுக்காரரிடம் அம்மா சொன்னதாகச் சொல் என்றாள். அன்வர்தீனைக் கூப்பிட்டு, நகரம் முழுக்கச் சங்கை ஊதச் சொன்னாள். பள்ளத்தில் இருப்பவர்கள் எல்லாரும் மேல்தளம் ஏறட்டும், இன்றைக்குத் தண்ணீர் எங்கேயும் போகாது, அவரவர் தண்ணீர் அவரவர் வாசலில் நிற்கட்டும் என்றாள். ஏன் என்று கேட்டவனிடம் அப்புறம் சொல்கிறேன் என்றாள். பிறகு செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தாள்.

களி குளிர்ந்திருந்தது. அண்ணிக்குப் பக்கத்தில் போய் நின்று, அதே மேட்டின் கால்மாட்டில் தன் காலை வைத்தாள். "மன்னிச்சுடு கண்ணு" என்றாள். சின்ன வயதில் அப்பாவோடு களம் மிதித்த பழக்கம், கால் மறக்கவில்லை. அழுத்த அழுத்த மண் இறுகியது. மழை மேலே விழுந்து, உள்ளே இறங்க வழியில்லாமல், முதல் முறையாக அந்தச் சரிவில் வழிந்து ஓடத் தொடங்கியது.

எவ்வளவு நேரம் மிதித்தாள் என்று அவளுக்குத் தெரியாது. குழாய் வாய் ஒருமுறை உறுமியது. எல்லாரும் அசையாமல் நின்றார்கள். கொஞ்சம் செந்நிறத் தண்ணீர் துப்பியது. அதோடு அடங்கிவிட்டது. சரிவில் எங்கேயோ ஒரு பெண் அப்போதுதான் வாய்விட்டு அழுதாள். கலியமூர்த்தி மண்டியிட்டு உட்கார்ந்துவிட்டார்.

போன் அடித்தது.

"அக்கா, அந்தப் பச்சையும் போயிடுச்சுக்கா. ஈ-ன்னு காட்டுது" என்றான் அன்வர்தீன்.

"தெரியும். சங்கு ஊதியாச்சா?"

"ஊதினேன். ஆனா இனிமே தேவையே இல்லக்கா, ஏரி எறங்க ஆரம்பிச்சிடுச்சு. உங்க தெருவுல தண்ணி உள்ள ஏறல, யாழி பத்திரமா இருக்கா. பரிமாறி உடனே அடுத்த எடத்தத் தேடிப் பிடிச்சிடுச்சு. பக்கத்து ஊரு ஓடைமேட்டுக்கு இப்ப விட்டுக்கிட்டு இருக்கு."

தில்லைநாயகிக்கு அந்த நொடியில் ஒரு தாயின் நிம்மதி வந்தது. வந்தது உண்மை. அதற்காக அவள் பின்னால் எத்தனை நாள் தன்னை வெறுத்தாளோ தெரியாது. ஆனால் அந்த நிம்மதி வந்து முடிவதற்குள் ஏதோ ஒன்று நெஞ்சில் குத்தியது.

"ஓடைமேட்டுல எந்த எடம்?"

"அங்கயும் ஒரு சின்னப் புறம்போக்குத்தான். நீங்க கவலையே பட வேணாம்கா, இந்த மழை முழுக்கத் தாங்கும். எண்ணிப் பாத்தேன், நாம தண்ணி விடுற ஊரு ஒண்ணு விடாம இதே மாதிரி ஊருக்கு வெளிய ஒரு பச்சை இருக்கு. நீங்க சொல்லுவீங்களே, அதேதான். வருஷா வருஷம் எல்லாமே வளந்துகிட்டே வருது." அவன் குரலில் நல்ல செய்தி சொல்கிறவனின் உற்சாகம் இருந்தது. "மண்ணு நல்லாத் தேறி வருதுக்கா."

போன் அவள் காதிலேயே இருந்தது. மழை விட்டபாடில்லை. மேடுகளுக்கு இடையில் நின்ற பெண்கள் ஒவ்வொருவராக இறங்கி ஊரைப் பார்க்க நடக்கத் தொடங்கினார்கள். மண் மூடியாயிற்று, தண்ணீர் வராது என்பது தெரியாமல் பூங்காவனம் மட்டும் இன்னும் மிதித்துக்கொண்டிருந்தாள்.